ஆட்டுக்கறிச் சாறு, சில சொட்டு நெய், ஒரு தடுப்பூசி: பம்பாய், ஜனவரி 10, 1897

கொஞ்சம் நீளமான இழை இது. டீயோட உட்கார்ந்து பொறுமையா படிங்க.

2021 ஜனவரி 3 அன்னைக்கு, கோவிஷீல்டு, கோவாக்சின் ரெண்டுக்கும் அவசரகால அனுமதி கிடைச்சது. அந்த மாசம் 16-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஊசி போட ஆரம்பிக்கிறாங்கன்னு அறிவிப்பும் வந்தது. முதலில் சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள்னு சுமார் 3 கோடிப் பேர். பிறகு 50 வயதைத் தாண்டியவர்கள், இணைநோய் உள்ளவர்கள். பத்து மாசமா கெட்ட சேதியே கேட்ட காதுக்கு அது எவ்வளவு ஆறுதல்!

ஆனா அப்போ இன்பாக்ஸில் வந்தது வாழ்த்து இல்ல, கேள்விதான். "டாக்டர், இவ்ளோ அவசரமா செஞ்ச ஊசியை நம்பலாமா?" தப்பே இல்லாத கேள்வி. தரவுகளை வெச்சு அதுக்குத் தனியா ஒரு இழை எழுதணும், எழுதறேன். இன்னைக்கு ஒரு பழைய கதை. 1897 ஜனவரி 10 அன்னைக்கு, பம்பாயில் ஒருத்தர் இந்தக் கேள்விக்குத் தன் உடம்பையே பதிலா நீட்டினார்.

கதை அதுக்கு நாலு மாசம் முன்னாடி, 1896 செப்டம்பரில் ஆரம்பிக்குது.

பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டி மாண்டவின்னு ஒரு பகுதி. தானியக் கிடங்குகள், சந்து சந்தாகக் குடியிருப்புகள், ஒரே அறைக்குள் அடைந்து கிடக்கும் குடும்பங்கள். அங்கே ஜனங்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அரையிலோ அக்குளிலோ நெறி கட்டியது. சில நாளில் ஆள் இல்லை. அகாசியோ கேப்ரியல் வீகாஸ்னு கோவாவைச் சேர்ந்த ஒரு டாக்டர்தான் துணிந்து சொன்னார், இது பிளேக் என்று. சொல்வதற்கே துணிச்சல் வேண்டும். பிளேக் என்றால் துறைமுகத்தை மூட வேண்டும், வியாபாரம் படுத்துவிடும், ஊரே உங்களைத் திட்டும். இரண்டு வருடம் முன்பு, 1894-இல், ஹாங்காங்கை உலுக்கிய அதே நோய். அங்கேதான் அலெக்சாண்டர் யெர்சின் இதன் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். கிருமி தெரியும். ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்று தெரியாது. எலித் தெள்ளுப்பூச்சிதான் காரணம் என்று பால் லூயி சிமோன் கராச்சியில் நிறுவியது 1898-இல்தான்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. தெருத்தெருவாக கார்பாலிக் அமிலத்தைக் கொட்டிக் கழுவினார்கள். சாக்கடைகளைத் தண்ணீர் பாய்ச்சி அடித்தார்கள். சாக்கடையில் இருந்த எலிகள் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குத்தான். நல்ல எண்ணம்தான், ஆனா பலன் தலைகீழ். 2020 மார்ச்சில் காய்கறிக்கெல்லாம் சோப்பு போட்டுக் கழுவின நமக்கு அவங்களைப் பார்த்துச் சிரிக்க அருகதை இல்லை.

நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. மருந்தே இல்லாத காலம், எப்படித் திரும்புவார்கள்? அங்கே கொண்டு போனால் கொன்றுவிடுகிறார்கள் என்று ஊருக்குள் வதந்தி பரவியது. 1896 அக்டோபர் 29 அன்று சுமார் ஆயிரம் மில் தொழிலாளிகள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்குள் புகுந்து தாக்கினார்கள். கேட்கும்போது எங்கேயோ நடந்தது மாதிரி இருக்கும். 2020 ஏப்ரலில் நம்ம சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸை அடித்து விரட்டினது ஞாபகம் இருக்கில்ல? பயம் ஒரே மாதிரிதான் நடந்துக்கும்.

லட்சக்கணக்கில் ஜனங்கள் பம்பாயைக் காலி செய்துகொண்டு ரயிலில், படகில், கால்நடையாகக் கிளம்பினார்கள். மில்களில் ஆள் இல்லை. கிளம்பியவர்களோடு நோயும் கிளம்பியது.

ஓடாமல் நின்றவர்களும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டோம் என்ற ஜனங்களுக்காக அவரவர் சமூகமே பணம் திரட்டித் தனித்தனியாக பிளேக் ஆஸ்பத்திரிகளைத் திறந்தது. பார்சிகள், கோஜாக்கள், மேமன்கள், ஜைனர்கள், இந்து வணிகர்கள் என்று வரிசையாக. தங்கள் ஆட்களே சமைத்தார்கள், தங்கள் ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் வந்து பார்க்க முடிந்தது. கதவு திறந்திருந்ததால் ஜனங்கள் உள்ளே வந்தார்கள். இதில் சாதிக் கணக்கு இருந்தது, அதை மறைக்க வேண்டாம். பக்கத்துப் படுக்கையில் யார் படுக்கலாம் என்பதுவரை பார்த்த இரக்கம் அது. இருந்தாலும் அதனால் பல பேருக்குக் கடைசி நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கிடைத்தது.

இந்த ஊருக்குத்தான் 1896 அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து வால்டெமார் ஹாஃப்கின் வந்து இறங்கினார். வயது 36.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். உக்ரைனின் ஒடெசாவில் பிறந்த யூதர். அப்போது அது ரஷ்யப் பேரரசு. படித்தது மருத்துவம் இல்லை, விலங்கியல். மதம் மாறினால் வேலை உண்டு என்ற நிலை. மாட்டேன் என்று நாட்டை விட்டு வெளியேறி, ஜெனீவா வழியாகப் பாரிஸ் போய், பாஸ்டர் நிறுவனத்தில் முதலில் நூலக வேலைக்குத்தான் சேர்ந்தார். நூலக வேலை போக மிச்ச நேரத்தில் ஆய்வு. காலரா தடுப்பூசி செய்து 1892 ஜூலையில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். அடுத்த வருடம் இந்தியா வந்து, இந்திய மருத்துவர்களோடு கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார். மருத்துவப் பட்டம் இல்லாத ஒரு வெளிநாட்டு யூதர் ஊசி போடுவது பிரிட்டிஷ் மருத்துவ அதிகாரிகள் பலருக்குக் கடைசி வரை பிடிக்கவே இல்லை.

பம்பாயில் அவருக்குக் கொடுத்தது கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன இடம். உதவிக்கு ஒரு கிளார்க், மூணு பியூன். அவ்வளவுதான்! உலகத்தின் பயங்கரமான கிருமியை அந்த இடத்தில் வைத்து வளர்க்க வேண்டும். உதவியாளர்களில் ஒருவர் மனம் உடைந்தே போனார்.

தயாரிப்பு முறை எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கிருமி வளர ஊட்டச்சத்து வேண்டும். வழக்கமாக மாட்டிறைச்சிச் சாறு. இந்தியாவில் அதை ஊசியில் ஏற்றினால் இந்துக்கள் வருவார்களா? பன்றி என்றால் முஸ்லிம்கள் வருவார்களா? ஆட்டுக்கறிச் சாறைத் தேர்ந்தெடுத்தார். குடுவையில் சாறை ஊற்றி, மேலே சில சொட்டு நெய் விட்டார். மிதக்கும் நெய்த்துளியைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் விழுதுகள் மாதிரி கீழே இறங்கி வளரும். ஆலமரத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. அவ்வப்போது குடுவையைக் குலுக்கினால் விழுதுகள் அறுந்து அடியில் படியும், மேலே புதிதாக வளரும். சில வாரங்களில் போதுமான கிருமி சேர்ந்ததும் சூடாக்கிக் கொன்றுவிடுவது. கெடாமல் இருக்கக் கொஞ்சம் கார்பாலிக். உயிருள்ள கிருமி இல்லை, அதனால் நோய் வராது. ஆனால் உடம்பு எதிரியின் முகத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். கோவாக்சினும் இப்படிக் கொல்லப்பட்ட வைரஸை வெச்சு செஞ்சதுதான், கொல்லும் முறை வேற.

மூணே மாசம். இரவு பகல் பார்க்காத மூணு மாசம்.

1897 ஜனவரி 10. ஹாஃப்கின் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். அளவு 10 மில்லி, பின்னாளில் மற்றவர்களுக்குப் போட்டதைவிட மிக அதிகம். பெரிய அளவிலேயே ஒன்றும் ஆகவில்லை என்றால் சின்ன அளவைத் தைரியமாகப் போடலாம் என்பது கணக்கு. காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் கடும் வலியும் வந்தன. சில நாளில் எழுந்து நடமாடினார்.

அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. ஏறக்குறைய பாதிக் கைதிகள் ஊசிக்கு முன்வந்தார்கள், மீதிப் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரே சிறை, ஒரே சாப்பாடு, ஒரே காற்று. அடுத்த நாட்களில் பார்த்தபோது ஊசி போடாதவர்களிடம் நோயும் சாவும் தெளிவாக அதிகம். கைதியின் சம்மதம் எந்த அளவுக்கு நிஜமான சம்மதம்? இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. கோவிட் தடுப்பூசிச் சோதனையில் பல ஆயிரம் பேர் விவரம் தெரிந்து கையெழுத்துப் போட்டுத்தான் கலந்துக்கிட்டாங்க. எந்த ஊசிக்கும் முழுத் தரவையும் வெளியிடுங்கன்னு கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஹாஃப்கின் காலத்தில் அதெல்லாம் கிடையாது.

சரி, ஊசி வந்தாச்சு. வேலை செய்யுதுன்னும் தெரிஞ்சாச்சு. ஜனங்க வரிசையில் நின்னாங்களா? இல்லை. ஊசி போட்டால் ஆண்மை போகும், மதம் மாற்றத்தான் இது, வெள்ளைக்காரன் ஆளைக் குறைக்கப் பார்க்கிறான்... வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இத்தனையும் பரவியது.

அப்போது நிஸாரி இஸ்மாயிலி கோஜா முஸ்லிம்களின் இமாம் மூன்றாம் ஆகா கான். வயது 19. பத்தொன்பதுதாங்க! அவர் ஊர் அறிய ஊசி போட்டுக்கொண்டார். ஒரு தடவை இல்லை, பல தடவை. மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததைப் போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம். கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். ஹாஃப்கினின் ஆய்வகத்துக்கு இடம் போதாமல் போனபோது தன் மாளிகை ஒன்றையே கொடுத்தார். அரசாங்கம் ஒதுக்கியது ஒரு மூலை. இந்த இளைஞர் கொடுத்தது ஒரு முழு வீடு. பிளேக்கைக் கண்டுபிடித்த வீகாஸும் சும்மா இருக்கவில்லை, ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தானே ஊசி போட்டார். தங்களுக்குத் தெரிந்த டாக்டர், தங்கள் மொழியில் பேசுகிறவர் என்பதால் கையை நீட்டினார்கள்.

இனி புனே.

சத்யசோதக் சமாஜ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஜோதிராவ் பூலே தொடங்கிய அமைப்பு. அதன் முக்கியமான ஆட்களில் ஒருவர் நாராயண் மேகாஜி லோகண்டே. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டியவர். பிளேக் வந்ததும் பயந்து ஒளிந்த தொழிலாளர்களிடம் போய் நின்றவர். நோயாளிகளுக்கு ஓடி ஓடி வேலை செய்து, பிளேக் தொற்றி, 1897 பிப்ரவரி 9 அன்று இறந்தார்.

ஒரு மாதம் கழித்து சாவித்திரிபாய்.

1848-இல் புனேயில் கணவரோடு சேர்ந்து பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திய அதே சாவித்திரிபாய் பூலே. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அவருடைய கடைசி நாட்கள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1897-இல் அவருக்கு 66 வயது. ஜோதிராவ் இறந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார்களே, அந்த யஷ்வந்த் டாக்டராகியிருந்தார். ஊருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம், ஒரு தோட்டத்தில் பிளேக் நோயாளிகளுக்காக மகன் சிகிச்சை கொடுத்தார். அம்மா நோயாளிகளைக் கூட்டி வந்தார்.

கூட்டி வந்தார் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். பிளேக் வந்த வீட்டின் பக்கம் சொந்தக்காரர்களே போகாத நேரம் அது. முண்டவா கிராமத்தில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த மகர் குடியிருப்பில், பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்ற சிறுவனுக்கு நோய் என்று சேதி வந்தது. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். பம்பாய் முழுக்க அவரவர் சாதிக்கு அவரவர் ஆஸ்பத்திரி திறந்திருந்த அதே மாதங்கள்தான். சாவித்திரிபாய் அங்கே போனார். அந்தப் பையனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு சிகிச்சை நடந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். 66 வயது அம்மா, காய்ச்சலில் கொதிக்கும் ஒரு பிள்ளையை முதுகில் சுமந்து.

பையன் பிழைத்துவிட்டான். சாவித்திரிபாய்க்குத் தொற்றியது. 1897 மார்ச் 10 இரவு இறந்தார். ஹாஃப்கின் தனக்கு ஊசி போட்டுக்கொண்டு சரியாக இரண்டு மாதம்.

யஷ்வந்த்? 1905-இல் மறுபடி பிளேக் வந்தபோது நோயாளிகளைப் பார்க்கப் போய் அவரும் அதே நோயில் இறந்தார்.

சாவித்திரிபாய் இறந்த அதே வாரம் புனேயில் இன்னொரு வேலை ஆரம்பமானது. பிளேக் கமிட்டித் தலைவர் வால்டர் சார்லஸ் ராண்ட், ராணுவச் சிப்பாய்களை வைத்து வீடு வீடாகச் சோதனை போட்டார். 1897 பிப்ரவரியில் வந்த கொள்ளைநோய்ச் சட்டம் கையில் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நம்ம மாநிலங்கள் எடுத்ததும் அதே சட்டம்தான். சிப்பாய்கள் அடுப்படி வரை, பூஜையறை வரை நுழைந்தார்கள். பெண்களைப் பரிசோதித்த விதம் ஊரைக் கொதிக்க வைத்தது. சாமான்களை எரித்தார்கள். நோயாளியைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம், ஆனால் ஜனங்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள், பிணத்தைக்கூட மறைத்தார்கள். ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். கூடப் போன லெப்டினன்ட் அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார், ராண்ட் சில நாள் கழித்து. சாபேகர்கள் தூக்கு மேடைக்குப் போனார்கள், திலகர் ராஜதுரோக வழக்கில் சிறைக்குப் போனார்.

ராண்ட் தனிப்பட்ட முறையில் நல்லவரா கெட்டவரா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு டாக்டராக நான் பார்ப்பது வேறு. ஒரே மாதம், ஒரே ஊர், ஒரே நோய். சிப்பாய் கதவைத் தட்டினால் நோயாளி பரணில் ஒளிந்தான். சாவித்திரிபாய் போய்ப் பிள்ளையை முதுகில் தூக்கி வந்தார். 1898 மார்ச்சில் பம்பாயிலும் கலவரம் வெடித்த பிறகுதான் அரசாங்கம் மெல்ல இறங்கி வந்தது. பிளேக் ஊசி விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், கட்டாயம் கிடையாது என்றானது. அந்த நேரம் விசாரணைக்கு வந்த பிளேக் கமிஷனும், இந்த ஊசி முழுப் பாதுகாப்புத் தராது, ஆனால் நோயையும் சாவையும் நன்றாகக் குறைக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 'முழுப் பாதுகாப்பு இல்ல, ஆனா நல்லா குறைக்கும்.' கொரோனா ஊசி வந்த மாதங்களில் இந்த வரியை நீங்க திரும்பத் திரும்பக் கேட்டிருப்பீங்க.

நல்ல சேதியோடு இங்கேயே நிறுத்தினால் பாதியை மறைத்த மாதிரி ஆகும். 1902 அக்டோபர் 30, பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். அன்று 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் 19 பேருக்கு ரண ஜன்னி வந்து 19 பேருமே இறந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாட்டிலிலிருந்து போட்டது, எண் 53-என். பழி முழுக்க ஹாஃப்கின் தலையில். வேலை போனது. பாட்டிலைத் திறந்தபோது உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது, அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மறுபடி பயன்படுத்தினார்கள் என்பது விசாரணைக் காகிதங்களிலேயே இருந்தது. அதாவது கோளாறு மருந்தில் இல்லை, திறந்த இடத்தில். ஆனாலும் அவர் பெயர் தெளியவே ஐந்து வருடம் ஆனது. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1907-இல் லண்டன் டைம்ஸில் சேர்ந்து கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்குள் பஞ்சாபில் ஊசித் திட்டம் படுத்துவிட்டது. இந்தியாவில் அந்தக் கால் நூற்றாண்டில் பிளேக் கொண்டுபோனது சுமார் ஒரு கோடி உயிர். முல்கோவாலுக்குப் பிறகு பயத்தில் ஊசி வேண்டாம் என்று சொல்லி இறந்தவர்கள் இதில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அதனாலதான் 2021-இல் ஊசி போட்ட இடத்தில் அவ்வளவு கெடுபிடி. ஒருவருக்கு ஒரு ஊசி, ஒருமுறைதான். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வெச்சுப் பார்த்தாங்க. ஒத்திகைன்னு சொல்லி ஜனவரி 2-ஆம் தேதியும் 8-ஆம் தேதியும் நடத்தினாங்களே, அது இந்தச் சின்னச் சின்ன விஷயங்களுக்குத்தான்.

ஹாஃப்கின் கல்கத்தா திரும்பினாலும் பழைய பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பா போய் 1930-இல் லௌசானில் இறந்தார். ஆகா கான் வீட்டில் கொஞ்ச காலம் இருந்த ஆய்வகம் 1899-இல் பரேலில் பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது. 1925-இல் அதற்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் வைத்தார்கள். இன்னைக்கும் இருக்கு. வீகாஸ் பெயரில் மும்பையில் ஒரு தெரு இருக்கு.

இன்னொரு சின்ன விஷயம். ரெண்டு தடுப்பூசிக்கும் அனுமதி கிடைச்ச ஜனவரி 3, சாவித்திரிபாய் பிறந்தநாள். 190-ஆவது.

16-ஆம் தேதி தொடங்கிய பட்டியலில் என் பெயரும் இருந்தது. வீட்டுப் பெரியவங்களுக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கீழே கேளுங்க. பதில் சொல்றேன்.